மூழ்கு கலத்தைக் கடலில் இறக்குவது எப்படி?

கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். வாளி நீருக்குள் இருக்கும் வரை கயிறு கனப்பதே இல்லை. நீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததும் கை சட்டென்று இழுபடும். கயிறு நீளமாக இருந்தால் வாளி ஆடிச் சுவரில் மோதும். இப்போது அந்த வாளியின் எடை 20 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கிணற்றுச் சுவரின் இடத்தில் ஒரு கப்பலின் பின்புறம் அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆழ்கடல் ஆராய்ச்சிக் கலத்தை இறக்கி ஏற்றுவதில் உள்ள தொல்லை உங்களுக்கு விளங்கிவிடும்.

அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் இயக்கும் 'ஆல்வின்' 1964ஆம் ஆண்டு பணிக்கு வந்தது. பலமுறை புதுப்பிக்கப்பட்டு, 2022இல் 6,500 மீட்டர் ஆழம் வரை செல்லத் தகுதி பெற்றது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் 650 கிலோகிராமுக்கு மேல் அழுத்தம் இருக்கும். அத்தகைய ஆழங்களுக்காக உருவான இந்தக் கலம் ஒருமுறை கடலில் பறிபோனது. அது நடந்த இடம் நீர்ப்பரப்பு!

1968 அக்டோபர் 16. அந்நாளில் ஆல்வினின் தாய்க்கப்பல் 'லூலூ'. இரண்டு மிதவைகளை இணைத்துச் செய்யப்பட்ட அக்கப்பலின் நடுவே ஒரு தொட்டில் உண்டு. கலத்தை அதில் வைத்துக் கம்பி வடங்களால் இறக்குவார்கள். அன்று இறக்கும்போதே வடங்கள் அறுந்தன. மேல்மூடி திறந்திருந்ததால் நீர் உள்ளே பாய்ந்தது. மூவரும் எப்படியோ வெளியேறித் தப்பினர். கலமோ ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் போய்க் கிடந்தது. மறு ஆண்டுதான் 'அலுமினாட்' என்ற மற்றொரு மூழ்கு கலத்தின் உதவியுடன் அதனை மேலே இழுத்தனர். உள்ளே விட்டுவந்த ரொட்டியும் இறைச்சியும் ஆப்பிளும், பத்து மாதம் கடலடியில் கிடந்தும், ஊறிப்போயிருந்தனவே தவிரக் கெட்டுப்போகவில்லை. ஆழ்கடலில் நுண்ணுயிர்கள் எவ்வளவு மெதுவாக வேலை செய்கின்றன என்ற ஆராய்ச்சிக்கு அந்தச் சாப்பாட்டுப் பொட்டலம் வித்திட்டது. ஆனால் அது வேறு கதை.

இன்று ஆல்வின் 'அட்லாண்டிஸ்' கப்பலிலிருந்து இறங்குகிறது. கப்பலின் பின்கோடியில் ஆங்கில 'ஏ' எழுத்தைப் போன்ற பெரிய எஃகுச் சட்டம் உண்டு. காலையில் கலத்தைத் தண்டவாளத்தின் மீது உருட்டி அதன் கீழே கொண்டுவருகிறார்கள். ஓட்டுநரும் இரண்டு ஆராய்ச்சியாளர்களும் ஏறியதும் மூடி அடைக்கப்படுகிறது. 1968இன் பாடம் இது. தேர் வடம் போன்ற பருமனான கயிறு கலத்தைத் தூக்க, சட்டம் கடலை நோக்கிச் சாய்கிறது.

தொங்கும் கலம் ஒரு பெண்டுலம் அல்லவா? கப்பல் ஆடினால் அதுவும் ஆடும். ஆகவே கயிற்றின் நீளத்தை முடிந்தவரை குறைத்து, கலத்தைச் சட்டத்தின் உச்சிக்கு அருகே பிடித்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டுக் கயிறுகளும் அதனை அடக்குகின்றன. கலம் நீரைத் தொடும் வேளைதான் மிகவும் நுட்பமானது. அலை கலத்தை உயர்த்தினால் கயிறு தளரும். அடுத்த கணம் அலை விலக, கயிறு வெடுக்கென்று இழுபடும். அந்த இழுப்பு கலத்தின் எடையைவிடப் பன்மடங்கு பெரிதாகக்கூடும். எனவே தயங்கித் தயங்கி இறக்குவது தவறு. அலையைப் பார்த்து, ஒரே சீராக நீருக்குள் விட்டுவிட வேண்டும்.

கலத்தின் மேலேயே நின்று வரும் இரண்டு நீச்சல் வீரர்கள் கயிற்றைக் கழற்றிவிட்டுச் சிறு படகில் ஏறிக்கொள்கிறார்கள். எல்லாம் சரி என்றதும் ஓட்டுநர் தொட்டியில் நீரை நிரப்புகிறார். கட்டியிருக்கும் இரும்புத் தகடுகளின் பாரத்தால் கலம் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் வீதம் இறங்குகிறது. திரும்பும்போது அத்தகடுகளைக் கடலடியிலேயே உதறிவிட்டு மேலே வருகிறது.

இறக்குவதைவிட ஏற்றுவது கடினம். ஏன் என்று கேட்பீர்கள். காலையில் கடல் சீறினால், இன்று வேண்டாம் என்று நிறுத்திவிடலாம். மாலையில் அப்படிச் சொல்ல முடியுமா? பகலில் காற்று வலுத்திருந்தாலும் மூவரையும் ஏற்றித்தான் ஆக வேண்டும். நீர்மேல் மிதக்கும் கலம் அலையில் தாறுமாறாக உருளும். உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டும். மூடியைத் திறக்கவும் கூடாது. மூன்று நாளுக்குப் போதுமான உயிர்க்காற்று இருப்பது மட்டும் ஆறுதல். நீச்சல் வீரர்கள் படகிலிருந்து கலத்தின் மீது தாவிக் கயிறுகளைப் பூட்டுகிறார்கள். கப்பல் மெல்ல முன்னேறியபடியே இருக்கும். நின்றுவிட்டால் கலம் அதன் பின்புறத்தில் மோதிவிடலாம்.

1973 ஆகஸ்ட் 29 அன்று அயர்லாந்துக்கு அப்பால் 'பைசிஸ் 3' கலம் இந்தக் கட்டத்தில்தான் சிக்கியது. அது ஆராய்ச்சிக் கலம் அன்று, தொலைபேசிக் கேபிள் பதிக்கும் பணியிலிருந்தது. மேலே வந்து சேர்ந்தபின், இழுவைக் கயிறு பின் அறையின் மூடியைப் பிடுங்கிவிட்டது. அந்த அறையில் நீர் நிறைந்து, கலம் 480 மீட்டர் ஆழத்துக்குப் போயிற்று. முன் அறையில் இருந்த இருவரும் 76 மணி நேரத்துக்குப் பின், உயிர்க்காற்று தீரும் தறுவாயில் மீட்கப்பட்டனர்.

சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்கென உருவாக்கும் 'மத்ஸ்யா 6000' கலமும் மூவரை ஏற்றிச் செல்வதே. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆட்களுடன் அதனை நீரில் இறக்கிச் சோதித்தனர். துறைமுக நீரில் அலை அதிகமில்லை. திறந்த கடலில், ஆடும் கப்பலிலிருந்து இறக்கி ஏற்றுவது அதற்குப் பின் வரவேண்டிய கட்டம்.