21 வயது ஆகிவிட்டது, வளாகத்துக்குள் கொண்டுபோகலாமா?

எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருக்கும் மாணவர்களோடு பேசும்போது வழக்கமாக வரும் கேள்விகள் கட்டணம், விடுதி, பி.டி.பி.டி.என். கடன் பற்றியவை. ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து வேறொரு கேள்வி வந்தது: "டீச்சர், 21 வயசு ஆயிட்டா பீர் வாங்கலாம்னு சட்டம் சொல்லுது. அப்புறம் ஏன் ஹாஸ்டல்ல ஒரு டின் வச்சிருந்தா குத்தம்?"

வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாமல் முதல் ஆண்டிலேயே கட்டொழுங்குக் குழுவின் முன் நிற்கும் பிள்ளைகள் உண்டு. பொதுக்கல்வி, நன்னெறி ஆகிய பாடங்களுக்கும் இது பயன்படும் என்பதால், ஜொகூர் மாநிலத்தை எடுத்துக்காட்டாக வைத்து விளக்குகிறேன்.

முதல் வட்டம்: நாட்டின் சட்டம்

மதுவைப் பற்றி நம் நாட்டில் ஒரே ஒரு சட்டம் இல்லை. பல சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

வயதைச் சொல்வது 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறை விதிகள். முன்பு 18 ஆக இருந்த வயது வரம்பு, 2017 டிசம்பர் 1 முதல் 21 ஆக உயர்ந்தது. அதே நாளில் இன்னொரு மாற்றமும் வந்தது. தோட்டப்புறங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் 'சம்சு' என்று நாம் சொல்லும் மலிவு விலை மதுவை, 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த புட்டியில் விற்கக் கூடாது என்றார்கள். சின்னப் புட்டி என்றால் விலையும் சின்னது. அன்றாடக் கூலியிலும் மாணவனின் கைச்செலவுப் பணத்திலும் எளிதாக வாங்கிவிடலாம். அந்த வழியை அடைக்கத்தான் இந்த விதி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயது விதி முதலில் பிடிப்பது விற்பவரை. 21 வயது ஆகாதவருக்கு விற்றால் விற்றவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஸ்கூடாயில், தாமான் யுனிவர்சிட்டி பக்கம் மினி மார்க்கெட்டிலோ உணவகத்திலோ பகுதி நேர வேலை பார்க்கும் மாணவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். முகப்பில் நிற்கும்போது நீங்கள்தான் விற்பவர். "கூட படிக்கிறவன்தானே" என்று அடையாள அட்டை பார்க்காமல் கொடுத்தால் சிக்கல் உங்களுக்கும் வரும்.

மது விற்க உரிமம் வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டின் கலால் சட்டம். முஸ்லிம்களுக்கு மது அருந்துவதே மாநில ஷரியா சட்டப்படி குற்றம். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதற்கு 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உண்டு. 2020 அக்டோபரில் அது மேலும் கடுமையானது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 50 ஆகக் குறைந்தது. போதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். மோட்டார் ஓட்டுபவருக்கும் இதே சட்டம்தான்.

இரண்டாம் வட்டம்: வளாகத்தின் விதி

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பத்து பஹாட் பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் இரண்டும் இதில் அடங்கும். இந்தச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் கட்டொழுங்கு விதிகள் உண்டு. வாசகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும்.

மதுவைப் பற்றிய விதியில் குடிப்பது மட்டும் இல்லை. 'வைத்திருப்பது' என்ற சொல்லும் இருக்கிறது. திறக்காத டின், நண்பன் கொடுத்து வைத்த பை, பிறந்தநாள் பரிசாக வந்த புட்டி எல்லாமே அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். "நான் குடிக்கவே இல்ல சார்" என்பது அங்கே பதிலாகாது. வயது 21ஆ 25ஆ என்ற கேள்வியும் எழாது. விதி வயதைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கிறது.

"அப்போ வெளியில ஹோட்டல்ல டின்னர் வச்சா?" என்று அடுத்த கேள்வி வரும். வளாகத்துக்கு உள்ளேயானாலும் வெளியேயானாலும் பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் கேடு வரும்படி மாணவர் நடக்கக் கூடாது என்ற பொது விதி ஒன்று தனியாக இருக்கிறது. சங்கத்தின் பெயரில் விருந்து நடத்தி அங்கே மது பரிமாறினால், இடம் வெளியே என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது.

தண்டனை எச்சரிக்கையில் தொடங்கி அபராதம், குறிப்பிட்ட இடங்களுக்குள் நுழையத் தடை, இடைநீக்கம் என்று போய், கடைசியில் நீக்கம் வரை செல்லும். இடைநீக்கம் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஒரு தவணை போனால் பட்டம், கடன் ஏற்பாடு, வேலை எல்லாமே தள்ளிப்போகும். வீட்டிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளை என்றால், அந்தக் கடிதத்தைத் திறந்து படிக்கும் அம்மாவின் நிலைமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சவுத்தாம்ப்டன், ரீடிங், நியூகாசல் போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகளுக்குத் தனியார் உயர்கல்விக் கழகச் சட்டம் 1996 பொருந்தும். இங்கிலாந்தில் மாணவர் சங்கக் கட்டடத்திலேயே மதுக்கூடம் இருப்பது சாதாரணம். அதனால் இங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டம் இங்கிலாந்துடையதாக இருந்தாலும் மண் மலேசியாவுடையது. சேரும்போது கையெழுத்துப் போடும் மாணவர் கையேட்டைப் படித்துப் பார்ப்பதுதான் வழி.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. சிங்கப்பூரில் வயது வரம்பு 18. ஆகவே 19 வயது மாணவர் பாலத்தைத் தாண்டினால் வாங்கலாம், திரும்பி வந்தால் வாங்க முடியாது. ஆனால் சிங்கப்பூரும் இடத்தையும் நேரத்தையும் பார்க்கிறது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரலிலிருந்து இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் அதிகம். வயது ஒன்று, இடம் ஒன்று, நேரம் ஒன்று. ஒன்றில் கிடைக்கும் அனுமதி மற்றதில் செல்லாது. மாணவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

பரிமாறும் இடம் ஏன் முக்கியம்?

இந்த விதி நம் மேல் யாரோ திணித்தது போலச் சில மாணவர்களுக்குத் தோன்றலாம். நம் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். காலனித்துவக் காலத்தில் ரப்பர் தோட்டங்களில், லயத்து வீடுகளுக்குப் பக்கத்திலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. வேலை கொடுத்த தோட்டத்திலேயே கள்ளும் கிடைத்தது. சம்பளம் வாங்கிய கை வீட்டுக்கு வருவதற்குள் பாதி காலி.

போருக்குப் பிறகு, 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்தையும் பீடோங் வட்டாரத்தையும் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். காவல்துறை அதை அடக்கியது. அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கை எளிமையானது: நாங்கள் வாழும் இடத்தில், எங்கள் பிள்ளைகள் நடக்கும் பாதையில் இதை விற்காதீர்கள். எது எங்கே பரிமாறப்படுகிறது என்பது வாழ்க்கையை மாற்றும் என்று பள்ளிக்கூடம் பார்க்காத அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வளாகமும் மாணவர்கள் வாழும் இடம்தான். வளாக விதியில் அந்தக் கோரிக்கையின் சாயலை நான் பார்க்கிறேன்.

விதியை விடப் பெரியது உயிர்

ஒன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நண்பன் மயங்கிக் கிடக்கிறான், எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக வருகிறது, உடல் சில்லிட்டிருக்கிறது. "வார்டனுக்குத் தெரிஞ்சா மாட்டிக்குவோம்" என்று கதவைச் சாத்திக்கொள்வதுதான் உயிரைக் கொல்லும் முடிவு. அவனைத் தனியாக விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 999ஐ அழைக்க வேண்டும். கறுப்புக் காப்பி, குளிர்ந்த நீர் எதுவும் உதவாது.

2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மது குடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதில் நேரம்தான் மருந்து. சீக்கிரம் கொண்டுபோனால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, பார்வையையும் காக்கலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002லேயே, உதவிக்கு அழைக்கும் மாணவர் மீது கட்டொழுங்கு நடவடிக்கை இல்லை என்று அறிவித்தது. நம் பிள்ளைகள் சேரும் கழகத்தில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டா என்று அறிமுக வாரத்தில் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றாலும் பதில் மாறாது. எச்சரிக்கைக் கடிதத்தோடு வாழலாம். போன உயிர் வராது.

வகுப்பறைப் பயன்பாட்டுக்கு

1. 'சட்டம் அனுமதிப்பது', 'நிறுவனம் அனுமதிப்பது' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக. மதுவைத் தவிர்த்து இன்னோர் எடுத்துக்காட்டும் தருக.

2. மது விற்பனையின் வயது வரம்பை உயர்த்துவதா, விற்கும் இடத்தைக் கட்டுப்படுத்துவதா, எது அதிகப் பயன் தரும்? உம் கருத்தை விவாதித்து எழுதுக.

3. விடுதி அறையில் நண்பர் மயங்கிக் கிடக்கிறார். நீர் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துக. ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.

மூன்றாவது கேள்விக்குப் புள்ளி குறைவாகத்தான் இருக்கும். ஆனால் வகுப்பில் முதலில் அதையே எடுங்கள்.