பூஜ்யத்துக்குள் ஒரு மின்தடை!

"மீக்கடத்தியின் மின்தடை பூஜ்யம்." இரண்டு மார்க் கேள்விக்கு நாம் எல்லோரும் எழுதுகிற பதில். 1911-ல் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை 4.2 கெல்வினுக்குக் குளிர வைத்துக் கண்டது. ஆனால் நண்பர்களே, இது டி.சி.க்குத்தான் சரி! மைக்ரோவேவ் பட்டால் மீக்கடத்தியும் கொஞ்சம் சூடாகும்.

ஏன்? காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி வரை நேர் ரோட்டில் நிம்மதியாக நிற்கிற பயணி, அதற்கு மேல் வளைவுக்கு வளைவு ஆட்டம் காண்கிறார் அல்லவா? அதே கதைதான். மீக்கடத்தியில் ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்கள் இழப்பே இல்லாமல் ஓடும். ஆனால் அவற்றுக்கும் நிறை உண்டு, நினைத்தவுடன் திரும்பாது. திருப்புவதற்கு மேற்பரப்பில் சிறு மின்புலம் வேண்டும். அந்தப் புலம் ஜோடி சேராமல் நிற்கிற எலக்ட்ரான்களையும் உலுக்கிவிடும். அவை மோதும், சூடு பிறக்கும். இதுதான் பரப்பு மின்தடை.

சரி, இதை எப்படி அளப்பது? மல்ட்டிமீட்டர் உதவாது. கோயில் மணியை நினைத்துப் பாருங்கள். நல்ல மணி நெடுநேரம் ரீங்கரிக்கும். கீறல் விட்ட மணி உடனே அடங்கும். நியோபியத்தில் செய்த உள்ளீடற்ற கேவிட்டிதான் இங்கே மணி. திரவ ஹீலியத்தில் 2 கெல்வினுக்குக் குளிர வைத்து, 1.3 கிகாஹெர்ட்ஸ் அலையை நிரப்பி, சப்ளையை 'டக்'கென்று நிறுத்துவார்கள். உள்ளே இருக்கும் ஆற்றல் 37 சதவீதமாகக் குறைய எவ்வளவு நேரம்? செம்பு என்றால் சுமார் 3.5 மைக்ரோ செகண்ட். நல்ல நியோபியம் என்றால் 1.2 செகண்ட்!

இந்த நேரத்தை 2π × அதிர்வெண்ணால் பெருக்கினால் கியூ: ஆயிரம் கோடி. (ஆண்டெனா வழியே கசிவதைத் தனியே கழிக்க வேண்டும்.) கேவிட்டியின் வடிவத்துக்கென்று ஒரு மாறிலி உண்டு, இந்த வகைக்குச் சுமார் 270 ஓம். அதைக் கியூவால் வகுத்தால் 27 நானோ ஓம். செம்புக்கோ 9 மில்லி ஓமுக்கு மேல்!

27 நானோ ஓமுக்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். 2 கெல்வினில் பிறக்கும் ஒரு வாட் சூட்டை வெளியேற்ற, வெளியே பல நூறு வாட் மின்சாரம் செலவாகும். உட்பரப்பில் ஒரு தூசி இருந்தாலே கியூ சரியும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தூர் ராஜா ராமண்ணா மையமும் டெல்லி ஐ.யு.ஏ.சி.யும் சேர்ந்து உருவாக்கிய நியோபியம் கேவிட்டிகள், அமெரிக்காவின் ஃபெர்மிலாப்பில் இப்படித்தான் பரீட்சை எழுதின.

நம் லேபில் சீரிஸ் ரெசனன்ஸ் கிராஃப் போட்டு, பேண்ட்வித் பார்த்துக் கண்டுபிடிக்கிறோமே, அதே கியூதான் இது. இங்கே பேண்ட்வித் வெறும் 0.13 ஹெர்ட்ஸ், கிராஃபில் பிடிக்க முடியாது. அதனால்தான் மணியடித்துக் காது கொடுக்கிறார்கள். இனி அந்த இரண்டு மார்க் பதிலில் 'டி.சி.யில்' என்ற ஒரு சொல்லையும் சேர்த்தே எழுதுவோம்!