டயர் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கிறது?

கோட்டக்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உள்ள பஞ்சர் கடைகளில், கழற்றிப் போட்ட பைக் டயர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சீராகத் தேய்ந்த டயர் கிடைப்பது அரிது. ஒன்றில் நடுப்பகுதி தட்டையாகி, ஓரத்துப் பட்டன்கள் புதுசு போலவே நிற்கும். இன்னொன்றில் வலது ஓரம் மொட்டை, இடது ஓரத்தில் கோடு ஆழமாக இருக்கும். மூன்றாவதில் பட்டனுக்குப் பட்டன் மேடும் பள்ளமும். "என்ன டயர் போடணும்?" என்று கடையில் கேட்பார்கள். "இது ஏன் இப்படிப் போச்சு?" என்று வண்டிக்காரர் கேட்பதில்லை. காரணத்தைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது டயரும் அதே வழியில்தான் போகும்.

கார் டயரின் முகம் தட்டை. பைக் டயரின் முதுகு வளைவு. நேரே போகும்போது அந்த வளைவின் உச்சியில் ஒரு சிறு பகுதி மட்டும் தரையைத் தொடும். வண்டி சாயச் சாயத் தொடும் இடம் ஓரத்துக்கு நகரும். எனவே எந்தச் சாலையில், எந்தப் பாரத்தோடு, எப்படிச் சாய்த்து ஓட்டுகிறோமோ அதைப் பொறுத்தே டயரின் எந்த இடம் தேயும் என்பது அமைகிறது.

கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம், கூனிமேடு, அனுமந்தை வழியாக மரக்காணம் சுமார் 30 கிலோமீட்டர். பெரும்பாலும் நேர் சாலை. இதில் தினம் போய் வருகிறவரின் பின் டயர் நடுவில் தட்டையாவது இயல்பு. எஞ்சினின் இழுவை முழுக்கப் பின் சக்கரத்தில்தான்; பாரத்தில் பெரும்பங்கும் அங்கேதான். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டியைக் கட்டி ஊர் ஊராக விற்கப் போகிறவர்களின் பின் டயர் இன்னும் சீக்கிரம் போய்விடும். காற்று அதிகமானால் டயரின் நடு உப்பி, தேய்மானம் முழுக்க அங்கேயே விழும். குறைந்தால் நடு அமுங்கி இரண்டு ஓரங்களும் தேயும். டயர் சூடாகி உள்ளிருக்கும் நைலான் இழைகளும் கெடும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பரவலாகச் சொல்லப்படும் அளவு முன்னால் 22, பின்னால் ஒருவருக்கு 29, இருவருக்கு 36 பி.எஸ்.ஐ. உங்கள் வண்டிக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும். மீட்டரைப் பார்க்காமல் கையால் அழுத்திப் பார்த்து "போதும்" என்று சொல்கிற கடையில் காற்றுப் பிடிக்காதீர்கள்.

ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 90/100-10 அளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 730 முறை சுற்றும். பைக்கின் 80/100-18 டயர் 515 முறைதான். அதாவது ஸ்கூட்டர் டயரின் ஒவ்வொரு பட்டனும் அதே தூரத்தில் நாற்பது சதவீதம் அதிகமாகத் தரையில் உரசுகிறது.

இனி வலது ஓர மொட்டை. நம் நாட்டைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் முன் டயரின் வலப்பக்கம் கூடுதலாகத் தேய்வதும், அமெரிக்காவைப் போல வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடப்பக்கம் தேய்வதும் பைக் ஓட்டிகள் நெடுநாளாகக் கவனித்து வந்த விஷயம். மழைத் தண்ணீர் வடியச் சாலையின் நடுவை மேடாக்கி ஓரத்தைச் சரித்துப் போடுகிறார்கள். அந்தச் சரிவுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தார்ச் சாலையின் சரிவு சுமார் 2.5 சதவீதம், கோணத்தில் ஒன்றரை டிகிரிகூட இல்லை. டயர் வளைவின் ஆரம் 50 மில்லிமீட்டர் என்று வைத்தால், தொடும் இடம் நடுவிலிருந்து வலப்பக்கம் நகர்வது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். ஓரம் மொட்டையாக இது போதாது.

எனக்குச் சரியென்று படுவது வேறு காரணம். இடப்பக்கம் ஓட்டும்போது இடது திருப்பம் குறுகியது. வலது திருப்பம் எதிர்ச் சாலையையும் தாண்டிப் போகிற அகன்ற வளைவு. இடது திருப்பத்தின் ஆரம் 4 மீட்டர் என்றால், கால் வட்டத்துக்கு வண்டி சாய்ந்து ஓடும் தூரம் 6 மீட்டர் சொச்சம். வலது திருப்பத்தின் ஆரம் 9 மீட்டர் என்றால் அது 14 மீட்டர். இரண்டு மடங்குக்கு மேல் வலப்பக்கம் சாய்ந்தே ஓடுகிறது டயர். வளைவு அகலமாக இருப்பதால் வேகமும் கூடும். ரவுண்டானாக்களில் நாம் சுற்றுவதும் வலப்பக்கமாகத்தான். ஆயிரக்கணக்கான திருப்பங்களில் இது சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் வித்தியாசமாகிறது.

பாரமும் ஒரு பக்கம் தேய்க்கும், ஆனால் நாம் நினைக்கிற பக்கத்தை அல்ல. தண்ணீர் கேனையோ சிலிண்டரையோ வலப்பக்கம் தொங்கவிட்டால், விழாமல் இருக்க வண்டியை இடப்பக்கம் சாய்த்தே ஓட்டியாக வேண்டும். தேய்வது இடது ஓரம். வெஸ்பா வழிவந்த பழைய பஜாஜ் ஸ்கூட்டர்களில் எஞ்சின் வலப்பக்கம் இருந்ததால் இந்தச் சாய்வு பிறவியிலேயே இருந்தது.

ஒரு பக்கத் தேய்மானம் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே பளிச்சென்று தெரிந்தால் சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. சக்கரங்கள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். பழைய மெக்கானிக்குகள் இதற்கு நூல் பிடிப்பார்கள். நீளமான நூலைப் பின் டயரின் பின்புறமாகச் சுற்றி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் இரண்டு முனைகளையும் இருபுறமும் முன்னால் இழுத்து, பின் டயரின் முன் விளிம்பை நூல் மெல்லத் தொடும்படி பிடிக்க வேண்டும். முன் சக்கரம் நேராக இருக்கும்போது அதற்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருந்தால் சரி. சமமில்லை என்றால் முதலில் செயின் அட்ஜஸ்டரின் இரண்டு பக்கக் கோடுகளையும் பார்க்க வேண்டும். செயின் இறுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இழுத்திருப்பார்கள். அடிபட்ட வண்டியானால் ஸ்விங் ஆர்ம் வளைந்திருக்கலாம். ஸ்கூட்டரில் செயின் இல்லை. எஞ்சினைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, மேடுபள்ளத் தேய்மானம். உப்புக் கடற்கரையில் இருக்கும் நாம் மிகவும் கவனிக்க வேண்டியது இதைத்தான். முன் டயரை உள்ளங்கையால் ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் தடவினால் ரம்பப் பல் போலவும் இருக்கும். முன் சக்கரத்துக்கு இழுவை வேலை இல்லை, பிரேக் மட்டும்தான். ஒவ்வொரு பிரேக்கிலும் பட்டன்கள் ஒரே பக்கமாக மடங்கி ஒரே விளிம்பில் உரசுவதால் லேசான ரம்பப் பல் எல்லா வண்டியிலும் வரும். அது ஆழமான குழியாக மாறினால் சக்கரம் தரையில் படியாமல் குதிக்கிறது என்று அர்த்தம். ஃபோர்க்கோ, கோன்செட்டோ, வீல் பேரிங்கோ போயிருக்கும்.

ஃபோர்க் இங்கே சீக்கிரம் போவதற்குக் காரணம் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஃபோர்க் குழாயில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாகிவிடும். இந்தக் கரையில் இரவு நேரத்தில் அந்த அளவு சர்வசாதாரணம். வண்டி நின்றிருந்தாலும் விடியும் வரை துரு வேலை செய்கிறது. குரோம் பூச்சில் பொரி பொரியாகத் துரு கிளம்பி, குழாய் ஏறி இறங்கும்போது ஆயில் சீலை அறுக்கிறது. ஆயில் கசிந்தால் ஸ்பிரிங் துள்ளலை அடக்க ஆளில்லை. சக்கரம் குதிக்கிறது, டயர் குழி விழுகிறது. டியூப்லெஸ் சக்கரத்தில் ரிம்மின் விளிம்பைத் துரு பிடித்தால் அங்கே மெல்லக் காற்றுக் கசிந்து, ஓரத் தேய்மானமும் சேர்ந்துகொள்ளும். டயர் மட்டும் மாற்றினால் அந்தப் பணம் வீண்.

ஃபோர்க் குழாயை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, துளி ஆயில் தடவினாலே ஆயுள் கூடும். துடைத்த துணியில் ஆயில் வளையம் தெரிந்தால் சீலை மாற்றிவிடுங்கள். அது டயரைவிட மலிவு.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர வாகன டயரின் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சிறு முக்கோணமாகவோ குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் உள்ள சிறு மேட்டின் அளவுக்குப் பட்டன் தேய்ந்திருந்தால் மாற்றியாக வேண்டும். டயரில் ஆழம் மிச்சமுள்ள இடத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், அதிகம் தேய்ந்த இடத்தில் பாருங்கள். மொட்டை டயரில் கத்தியால் புதுக் கோடு கீறித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இழைக்கு மேல் மிஞ்சியிருக்கும் கொஞ்ச ரப்பரும் அதில் போய்விடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே டயரையும் ஃபோர்க்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.