செம்மஞ்சள் கிழங்கு

மொஸாம்பிக், உகாண்டா முதலிய ஆப்பிரிக்க தேசங்களில் ஏழைக் குடும்பங்களின் பசியை நெடுங்காலமாக ஆற்றி வந்திருக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வயிற்றை நிரப்புவதில் யாதொரு குறையும் வைக்காததாயினும், பெரும்பாலும் வெண்ணிறச் சதையுடையதாதலால், ‘ஏ’ வைட்டமின் விஷயத்தில் மட்டும் வெறுங்கையாகவே நிற்கிறது. அச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கோ மாலைக்கண் நோய் வருவதோடு, அம்மை, வயிற்றுப்போக்கு போன்றவற்றை எதிர்க்கும் சக்தியும் குன்றிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் அதே கிழங்கின் இனத்திலேயே இருந்தது. செம்மஞ்சள் சதையுடைய ஜாதிகளில், காரட்டுக்கு அவ்வர்ணத்தை அளிக்கும் பீட்டா கரோட்டின் நிறைந்திருக்கிறது. சிறிது எண்ணெயோடு உண்டால் உடம்பு அதை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். சுமார் 125 கிராம் கிழங்கே ஒரு சிறு குழந்தையின் ஒரு நாள் தேவைக்குப் போதும்.

ஆனால் அயல்நாட்டிலிருந்து வந்த ஜாதிகள் பெரும்பாலும் நீர்ப்பாங்கானவை. வேகவைத்துப் பிட்டால் மாவாக உதிரவேண்டும் என்று எதிர்பார்க்கும் அங்கத்துப் பெரியவர்களுக்கு, சவசவவென்று நாக்கில் குழையும் கிழங்கு பிடிக்கவில்லை. (சந்தையில் கிழங்கு பொறுக்கும் நம்மூர்க்காரர் எவரும் இதற்காக அவர்களைக் குறைகூற மாட்டார்.) அன்றியும், சர்க்கரைவள்ளியைக் கொடியை நறுக்கித்தான் நடவேண்டும்; ஆகவே மாதக்கணக்கில் நீடிக்கும் கோடையில் கொடி காய்ந்துபோனால், மழை பெய்து மண் நனைந்த பிறகும் நடுவதற்கு ஒன்றும் இராது.

மரியா ஆண்ட்ராடே, உகாண்டாவின் ராபர்ட் முவாங்கா ஆகிய விஞ்ஞானிகளின் பெருமை, என் அபிப்பிராயத்தில், சத்தைக் கூட்டியதைவிட, இவ்விரண்டு ஆட்சேபங்களையும் மதித்து, அந்தந்த மண்ணிலேயே கலப்புச் செய்து, மாவுப்பதமும் வறட்சியைத் தாங்கும் குணமும் உள்ள ரகங்களைத் தேடியதிலேயே இருக்கிறது. 2011-ல் மொஸாம்பிக்கில் மட்டும் வறட்சியைத் தாங்கும் 15 ரகங்கள் வெளியாயின. அதற்கு முன்பே ஸாம்பேஸியா மாகாணத்தில் ஜான் லோ அம்மையார் நடத்திய ஆராய்ச்சி, கொடியைக் கொடுத்ததோடு நில்லாமல், தாய்மார்களுக்குப் போஷாக்கைப் பற்றிப் போதித்துச் சந்தையில் கிராக்கியும் உண்டாக்கிய கிராமங்களில், குழந்தைகளின் ரத்தத்தில் ‘ஏ’ வைட்டமின் உயர்ந்ததைக் காட்டிற்று. சந்தைக் கடைக்கும் ஆராய்ச்சியாளரின் வண்டிக்குங்கூடக் கிழங்கின் வர்ணத்தையே பூசினார்கள்! பல பயிர்களில் இவ்வாறு சத்தேற்றும் முயற்சிக்கு வித்திட்ட ஹோவார்த் பூயிஸ் என்பவரோடு சேர்த்து, இம்மூவருக்கும் 2016-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கொடிப் பஞ்சத்துக்கும் ஓர் உபாயம் உண்டு: அறுவடையில் கிடைக்கும் சிறிய, பூச்சி அரிக்காத கிழங்குகளை ஒரு தொட்டியில் உலர்ந்த மணலுக்குள் அடுக்கி வீட்டிலேயே வைத்திருந்து, மழைக்கு ஆறேழு வாரம் முன்னதாகத் தோட்டத்தில் ஊன்றித் தண்ணீர் விட்டால், நடவுக்குள் கொடி தழைத்துவிடும்; ஆனால் கிணறு தொலைவான ஊர்களில் அந்தத் தண்ணீரைப் பெண்கள்தாம் தலையில் சுமந்து வரவேண்டியிருக்கிறது.