28 டிகிரியிலும் அடிக்கும் வெப்ப எச்சரிக்கை மணி

ஓர் இடத்தின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ இருக்கும் உங்கள் பள்ளிக் கணினிக் கழகம், திடலோரம் ஒரு வெப்ப உணரியைப் பொருத்தி, இதைக் கண்காணிக்க சி மொழியில் நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று நாள் கணக்கு அப்புறம் இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு சோதனை. வெப்பநிலையை ‘வெ’ என்போம். கணித ஏட்டில் எழுதுவது போலவே எழுதலாம் என்று தோன்றும்:

35 <= வெ <= 37

நிரல் தடையின்றி ஓடும். ஆனால் காலையில் 28 டிகிரி இருக்கும்போதே எச்சரிக்கை மணி அடிக்கும். உணரியை ஐஸ் பெட்டிக்குள் வைத்தாலும் அடிக்கும்!

ஏன்? 70 + 80 + 90 / 3 என்று எழுதினால் மூன்று பாடங்களின் சராசரி 80 வராது, 180 வரும். வகுத்தலுக்குக் கூட்டலைவிட முன்னுரிமை அதிகம். இது ஆரம்பப் பள்ளியிலேயே படித்ததுதான். ஒரே முன்னுரிமை உள்ள குறிகள் அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வது? அப்போது எந்தப் பக்கத்திலிருந்து சேர்ப்பது என்பதற்குத் தனி விதி உண்டு. 10 - 3 - 2 என்பதை இடமிருந்து சேர்த்தால் 5. வலமிருந்து சேர்த்தால் 9. சி மொழி இடமிருந்து சேர்க்கும். மதிப்பளிக்கும் ‘=’ குறிக்குத் திசை நேர்மாறு: அ = ஆ = 5 என்றால் முதலில் ஆ-வுக்கு 5, பிறகு அ-வுக்கு.

ஒப்பிடும் குறிகளும் இடமிருந்தே சேரும். ஆகவே நம் வரி (35 <= வெ) <= 37 ஆகிவிடுகிறது. சி மொழியில் ஒப்பீட்டின் விடை, உண்மை என்றால் 1, பொய் என்றால் 0. வெ 28 ஆனால் அடைப்புக்குள் 0; 41 ஆனால் 1. இரண்டுமே 37-ஐவிடச் சிறியவை. அதனால் முழு வரியும் எப்போதும் உண்மை. பைத்தான் பழகியவர்கள் இதில் எளிதாக ஏமாறுவார்கள். அந்த மொழியில் இதே வரி சரியாக வேலை செய்யும்.

சரியான வடிவம் இது:

35 <= வெ && வெ <= 37

‘மற்றும்’ எனப் பொருள்படும் && குறிக்கு முன்னுரிமை குறைவு. அதனால் ஒப்பீடுகள் முதலில் முடிந்துவிடும், அடைப்புக்குறி தேவையில்லை.

ஒற்றை & இன்னும் வம்பானது. அது இரண்டு எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிட்டு, இரண்டிலும் 1 உள்ள இடங்களை மட்டும் எடுக்கும். உணரி அனுப்பும் நிலை எண்ணில் 4-க்குரிய பிட் இருந்தால் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்போம். நிலை & 4 == 4 என்று எழுதினால், == முதலில் சேர்ந்து 4 == 4 என்பது 1 ஆகும். நிலை 6 என்றால் 6 & 1 என்பது 0. மின்கலம் தீர்ந்தது தெரியவே தெரியாது. (நிலை & 4) == 4 என்று எழுத வேண்டும்.

இந்த விந்தைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். அதன் முன்னோடியான பி மொழியில் & ஒன்றே இரு வேலைகளையும் செய்தது. பின்னர் && தனியாக வந்தபோதும், பழைய நிரல்களை மாற்றும் சிரமத்தைக் குறைக்க &-ஐ அதன் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். மாற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரிட்சியே பிற்காலத்தில் எழுதினார்.

ஜிசிசி தொகுப்பியில் எச்சரிக்கைகளை இயக்கி வைத்திருந்தால், மேலே கண்ட இரண்டு தவறான வரிகளையும் அது சுட்டிக்காட்டும். நிரல் ஓடுகிறதே என்று அந்த எச்சரிக்கை வரிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.