ரத்தத்தில் உப்பு குறைந்தால்? அவசரமாக ஏற்றினாலும் ஆபத்து!

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். ரத்தத்துக்கும் உப்பு வேண்டும். அளவோடு வேண்டும்!

அந்த உப்புச் சத்தின் பெயர் சோடியம். ஒரு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பதே சரியான அளவு. ரத்த சோதனைச் சீட்டில் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

ஏன் குறைகிறது?

வாந்தி, பேதி, இருதய நோய், ஈரல் நோய், சிறுநீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகள்... இப்படிப் பல காரணம் உண்டு.

பல சமயம் உப்பு குறைவதில்லை, தண்ணீர் கூடிவிடுகிறது. 2002-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது! ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கிய காரணம்.

மூளை வீங்கும்

சோடியம் குறைந்தால் மூளைக்குள் தண்ணீர் புகும். மூளை வீங்கும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம், பிதற்றல் வரும். முற்றினால் வலிப்பு வரும், நினைவு தப்பும்.

சுமார் இரண்டு நாளில் மூளை சமாளித்துக்கொள்கிறது. தன்னிடமுள்ள சில சத்துக்களை வெளியேற்றி, வீக்கத்தைத் தணித்துக்கொள்கிறது.

அந்த நிலையில் ஒரேயடியாக உப்பை ஏற்றினால்? மூளையிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும். நரம்புகளின் மேலுறை சிதையும். சில நாள் கழித்துப் பேச்சு குழறும். விழுங்க முடியாது. கை கால் விழுந்துவிடும்.

இந்தக் கோளாறை 1959-ல் அமெரிக்க டாக்டர்கள் விவரித்தார்கள். சோடியத்தை வேகமாக உயர்த்துவதே காரணம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

டாக்டர்கள் செய்வது என்ன?

வலிப்பு வந்தவருக்குக் காத்திருக்க முடியாது. 3 சதவீத உப்பு நீரை 100 அல்லது 150 மில்லி, சில நிமிடங்களில் ஏற்றுவார்கள். சோடியம் 4 முதல் 6 வரை உயர்ந்தாலே பெரும்பாலும் கண்டம் தப்பும்.

பிறகு நிதானம்! பல நாளாகக் குறைந்திருந்தவருக்கு 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்வார்கள். சில மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுப்பது இதற்காகத்தான். ஏற்றம் மிஞ்சினால், மறுபடி இறக்கவும் வழி உண்டு. உடலில் தண்ணீர் கூடியவருக்குக் குடிதண்ணீரைக் குறைப்பதே முதல் மருந்து.

வீட்டார் கவனத்துக்கு

முதியவர் திடீரென்று பிதற்றினால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும்.

"நேற்று 112, இன்று 118தானா?" என்று டாக்டரிடம் கோபப்படாதீர்கள். ஒரு நாளைக்கு அந்த 6 போதும். நோயாளி நடந்து வீடு திரும்ப அதுவே வழி!