முதலில் சிப்பாய்கள் மட்டும்

குழந்தைக்குச் செஸ் சொல்லித்தர உட்காரும் பெரியவர்கள் பலர், 32 காய்களையும் ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். யானை இப்படிப் போகும், குதிரை அப்படித் தாவும் என்று கால் மணி நேரம் விளக்கம். ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் எழுந்து ஓடிவிடும். விளையாடத்தானே அது வந்து உட்கார்ந்தது?

மற்ற காய்கள் டப்பாவிலேயே இருக்கட்டும். ஆளுக்கு எட்டுச் சிப்பாய்களை மட்டும் எடுத்து வையுங்கள். இருவருக்குமே வலது கைப்பக்க மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டும். சிப்பாய் நேராக ஒரு கட்டம் போகும். புறப்படும் இடத்திலிருந்து மட்டும் வேண்டுமானால் இரண்டு. வெட்டுவது மூலைவாட்டில். பின்னால் வரவே வராது. யாருடைய சிப்பாய் எதிராளியின் கடைசி வரிசையை முதலில் தொடுகிறதோ, அவருக்கு வெற்றி. பயிற்சியாளர்கள் பலர் கையாளும் வழிதான் இது. முதல் நாளே பிள்ளை ஓர் ஆட்டத்தை முழுசாக ஆடி முடித்துவிடும். 'இங்கே வைத்தால் வெட்டிவிடுவாரோ?' என்று கையை நிறுத்தி யோசிக்கும் பாருங்கள், செஸ் அங்கேதான் தொடங்குகிறது. கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் ராணியாகலாம் என்பதைப் பிறகு சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

அடுத்து ராஜா, யானை, பிஷப், ராணி என்று ஒவ்வொன்றாக வரட்டும். காலிப் பலகையில் யானையை எங்கே வைத்தாலும் அது போக 14 கட்டங்கள் உண்டு. பிள்ளையே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். குதிரை கடைசியில். நடுவில் நின்றால் அதற்கு எட்டு வழி, மூலையில் இரண்டே வழி. கட்டங்களில் வேர்க்கடலையைப் பரப்பி, குதிரை தாவிப் பிடித்த கடலையெல்லாம் வாய்க்கு என்று சொல்லிப் பாருங்கள்!

உலக சாம்பியனாக இருந்த விஸ்வநாதன் ஆனந்த் ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் செஸ் கற்றார். வைஷாலியைப் பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தது டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான், அக்காவைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆட வந்தார். 2023இல் உலகின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள். இவர்கள் பெயரைச் சொல்லி, காய் நகர்த்தப் பழகிய மறுமாதமே பிள்ளையைப் போட்டிக்கு இழுத்துப் போவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

தோற்றால் பிள்ளை அழும். அதற்காக வேண்டுமென்றே தோற்காதீர்கள், கண்டுபிடித்துவிடும். உங்கள் ராணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சக் காய்களோடு முழு மூச்சாக ஆடுங்கள். பிள்ளை அடிக்கடி ஜெயிக்கத் தொடங்கியதும் ராணியைத் திரும்ப வைத்து, ஒரு யானையை மட்டும் எடுத்துவிடுங்கள்.